கடற்கரை நகரில் கணிப்பொறிப் பெட்டியும் காற்றோட்டமும்

மும்பை மாநகரில் பள்ளிகள் கோடை விடுமுறைக்குப் பின் ஜூன் மாதத்தின் நடுவில் திறக்கப்படுகின்றன. தென்மேற்குப் பருவமழை அந்நகரை அடையும் இயல்பான நாள் ஜூன் 11 ஆகும். ஆகவே, பல வாரங்கள் மின்சாரம் பாயாமல் மூலையில் கிடந்த கணிப்பொறிகள், காற்றில் ஈரம் மிகும் அதே நாட்களில் மீண்டும் இயக்கப்படுகின்றன. அவற்றுள் சில சிறிது நேரம் ஓடி நின்றுவிடுகின்றன; சில இயங்கவே மறுக்கின்றன. வெப்பம் மிகுந்துவிட்டது என்றும், இன்னும் இரண்டு விசிறிகளைப் பூட்ட வேண்டும் என்றும் யாரேனும் யோசனை கூறுவதுண்டு. அந்த யோசனை சில வேளைகளில் நோயையே மருந்தாகக் கொடுப்பதற்கு ஒப்பாகும். ஏனெனில் விசிறி காற்றை மட்டும் உள்ளே கொண்டுவருவதில்லை. காற்று சுமந்து வரும் தூசியையும் உப்பையும் புகைக் கரியையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

உதிரிப் பொருள்களைத் தனித்தனியே வாங்கிப் பூட்டும் கணிப்பொறிகள் இந்நாளில் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் மிகுதியாக வழங்குகின்றன. மும்பையில் கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தை அடுத்த லாமிங்டன் சாலைக் கடைகளில் இவ்வுதிரிகள் அனைத்தும் கிடைக்கும். செயலி, நினைவகம் ஆகியவற்றைத் தெரிவு செய்வதில் காட்டும் கவனத்தைப் பலர், கடைக்காரர்கள் ‘கேபினெட்’ என்று கூறும் வெளிப்பெட்டியிடம் காட்டுவதில்லை. மீதமுள்ள தொகைக்குக் கிடைத்த பெட்டியை வாங்குவதே வழக்கம். ஆயினும் கணிப்பொறி எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் பெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. எவ்வளவு வெப்பம் வெளியேற வேண்டும், அதற்கு எவ்வளவு காற்று போதும், அக்காற்று தன்னுடன் எதைக் கொண்டுவரும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே பெட்டியையும் விசிறியையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மும்பையில் அமைந்த முதற் பெட்டி

வெளியிலிருந்து முழுமையாக வாங்காமல், தேவைக்கேற்பத் தானே வடிவமைத்துப் பூட்டப்பட்ட கணிப்பொறி மும்பைக்குப் புதியதன்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு குழுவினர் உருவாக்கிய மின்னணுக் கணிப்பொறி 1960 பிப்ரவரியில் இயங்கத் தொடங்கியது. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயரிட்டார். அதில் 2,700 வால்வுகளும், 1,700 ஜெர்மானியம் டயோடுகளும், 12,500 மின்தடைகளும் இருந்தன. அதன் முதன்மைப் பகுதி 18 அடி நீளமும், 2½ அடி அகலமும், 8 அடி உயரமும் உள்ள எஃகுச் சட்டத்தில் அமைந்திருந்தது. அச்சட்டம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் இரு பக்கங்களிலும் எஃகுக் கதவுகள் பொருத்தப்பட்டிருந்தன. கதவைத் திறந்தால் எந்தச் சுற்றையும் கையால் எட்டலாம்.

அக்காலத்துச் சாதாரண வால்வு ஒன்றின் இழையைச் சூடாக்க மட்டும் ஏறத்தாழ 2 வாட் மின்திறன் செலவாகும். அக்கணக்கில் 2,700 வால்வுகளின் இழைகளிலிருந்து மட்டும் 5,000 வாட்டுக்கு மேல் வெப்பம் எழும். இன்று ஒரு பள்ளிக் கணிப்பொறி முழுவதும் 100 வாட் அளவே செலவிடுகிறது. ஆனால் அவ்வெப்பத்தின் பெரும்பகுதி ஒரு தபால்தலை அளவுள்ள சில்லில் எழுகிறது. வெப்பத்தின் மொத்த அளவு குறைந்தது. அது குவியும் இடமோ மிகச் சுருங்கிவிட்டது. வெப்பத்தை வெளியேற்றுவது, தூசியை விலக்குவது, உட்புறத்தைச் சுலபமாக எட்டுவது என்னும் மூன்று தேவைகளும் அன்று போலவே இன்றும் உள்ளன.

வெப்பக் கணக்கு

கணிப்பொறி செலவிடும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. அவ்வெப்பத்தைப் பெட்டியினூடே செல்லும் காற்று ஏற்றுக்கொண்டு வெளியேறுகிறது. மும்பையின் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.15 கிலோகிராம் எடையுள்ளது. ஒரு கிலோகிராம் காற்றின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1,000 ஜூல் வேண்டும். இவற்றிலிருந்து எளிய விதி ஒன்று கிடைக்கிறது. வாட் அளவை 3.1-ஆல் பெருக்கி, பெட்டிக்குள் அனுமதிக்கும் வெப்பநிலை உயர்வால் வகுத்தால், மணிக்குத் தேவைப்படும் காற்று கன மீட்டரில் வரும்.

100 வாட் செலவிடும் பள்ளிக் கணிப்பொறியில், அறைக் காற்றைவிடப் பெட்டிக் காற்று 10 டிகிரி சென்டிகிரேடு உயரலாம் என்று கொண்டால், மணிக்கு 31 கன மீட்டர் காற்று போதும். கடைகளில் வழங்கும் அளவில் இது நிமிடத்திற்கு 18 கன அடியாகும். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று மிதமான வேகத்தில் திறந்த வெளியில் 40 முதல் 60 கன அடி வரை தள்ளும். வடிகட்டியும் பெட்டியின் தடைகளும் அதில் பாதியைக் குறைத்தாலும், பெட்டிக்கு ஒரு விசிறியே போதுமானது. படக்காட்சித் தயாரிப்பு போன்ற வேலைகளுக்காகப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு பூட்டி 400 வாட் செலவிடும் கணிப்பொறிக்கு மணிக்கு 124 கன மீட்டர், அதாவது நிமிடத்திற்கு 73 கன அடி தேவை. அதற்கும் மூன்று விசிறிகள் போதும். ஆறு, ஏழு விசிறிகளுடன் வண்ண விளக்குகளும் மின்ன விற்கப்படும் பெட்டிகளின் பயன் பெரும்பாலும் கண்ணுக்கே என்பது இக்கணக்கால் விளங்கும்.

வெப்பத்தைக் குறைப்பதால் நன்மை இல்லை என்பது இதன் பொருளன்று. மின்வழங்கியிலும் மதர்போர்டிலும் உள்ள மின்பகுளிக் கண்டன்சர்களின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆயினும் பெட்டிக் காற்று அறைக் காற்றைவிடக் குளிர்ந்திருக்க ஒருபோதும் இயலாது. மே மாதத்தில் தகரக் கூரையின் கீழ் உள்ள அறை 38 டிகிரி வெப்பத்தில் இருந்தால், எத்தனை விசிறிகள் சுழன்றாலும் பெட்டிக்குள் 38 டிகிரிக்குக் கீழ் இறங்காது. அத்தகைய இடத்தில் அறையின் ஜன்னலையும் கூரையையும் சீர்செய்வதே முதல் வேலை.

ஈரம் எப்பொழுது தீங்கு செய்கிறது?

மழைக்காலத்தில் கணிப்பொறியை ஓட்டினால் ஈரம் புகுந்து கெடும் என்று பலர் அஞ்சுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. ஜூலை மாதத்தில் 30 டிகிரியில் 85 சதவீத ஒப்பு ஈரப்பதம் உள்ள காற்று பெட்டிக்குள் நுழைந்து 40 டிகிரிக்குச் சூடேறினால், அதே காற்றின் ஒப்பு ஈரப்பதம் 49 சதவீதமாகக் குறைகிறது. நீராவியின் அளவு மாறவில்லை. காற்று கொள்ளக்கூடிய நீராவியின் அளவே கூடிவிட்டது. ஆகவே ஓடும் கணிப்பொறி தன்னைத் தானே உலர்த்திக்கொள்கிறது.

ஓடாத கணிப்பொறியின் நிலை வேறு. கடற்காற்றில் நுண்ணிய உப்புத் துகள்கள் கலந்துள்ளன. ஸோடியம் குளோரைடு, ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரைந்துவிடும். சமையலறையில் மழைக்காலத்து உப்பு கசிவதை யாவரும் கண்டுள்ளனர். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். மதர்போர்டில் படிந்த உப்புத் தூசி இவ்வாறு ஈரமானால் மின்சாரத்தைக் கடத்தும் மெல்லிய படலமாகிறது. மின்சாரம் பாய்ந்தவுடன், ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய செம்புத் தடங்களுக்கிடையே கசிவு ஏற்பட்டு அரிப்புத் தொடங்குகிறது. ஜூன் மாதத்துப் பழுதுகளுள் பலவற்றின் காரணம் இதுவே. தூசி இல்லாத பலகையில் இத்தகைய கசிவு எளிதில் நேராது.

குளிர்பதன அறையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. மேற்கூறிய ஜூலைக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 27 டிகிரி. 22 டிகிரியில் குளிர்ந்திருந்த கணிப்பொறியை அத்தகைய வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தால், குளிர்ந்த பானையின்மேல் போல அதன்மேல் நீர் அரும்பும். ஓரிரு மணி நேரம் கழித்து, உட்புறம் உலர்ந்த பின்னரே அதை இயக்க வேண்டும்.

மூன்று வட்டாரங்கள், மூன்று வகைக் காற்று

ஒரே நகரிலும் காற்று ஒரே தன்மையதன்று. தமிழர் மிகுதியாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களும் இதற்குத் தக்க உதாரணங்கள்.

தாராவியில் சிறு தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் ஒட்டி நிற்கின்றன. தையற்கூடங்களிலிருந்து பஞ்சு நூலிழை பறக்கிறது. கும்பார்வாடாவின் மட்பாண்டச் சூளைகளிலிருந்து புகை எழுகிறது. நூலிழை, செயலியின்மேல் உள்ள அலுமினியத் துடுப்புகளுக்கிடையே கம்பளம் போலப் படிந்து காற்றை மறிக்கும். புகைக் கரி அதைப் பிசுபிசுப்பாக்கும். இங்கு விசிறியின் எண்ணிக்கையைவிட வடிகட்டியே முக்கியம். தாராவியை ஒட்டிச் செல்லும் மித்தி ஆறும் மாகிம் கழிமுகமும் மற்றொரு தொல்லைக்குக் காரணம். தேங்கிய கழிவுநீரிலிருந்து ஹைட்ரஜன் ஸல்பைடு வாயு வெளிப்படுகிறது. வெள்ளிக் குத்துவிளக்கைக் கறுக்கச் செய்யும் அதே வாயு, மின்தடைகளில் உள்ள வெள்ளிப் பூச்சையும் செம்புத் தடங்களையும் தாக்கும்.

மாட்டுங்காவில் மத்திய ரயில்வேயின் பணிமனையும், 1923 முதல் அங்கு இயங்கும் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிலையமும் உள்ளன. இந்நிலையம் 1997 முதல் வீர்மாதா ஜீஜாபாய் பெயரைத் தாங்கியுள்ளது. மரங்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில் முதன்மையான மாசு, பெருஞ்சாலைகளில் செல்லும் வாகனங்களின் புகையும், பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும்போது எழும் சிமெண்ட் தூசியுமாகும். சிமெண்ட் தூசி மிக நுண்ணியது. அகலக் கண்களையுடைய உலோக வலை அதைத் தடுக்காது. நெருக்கமான நைலான் வலை வேண்டும்.

செம்பூரை அடுத்த மாகுலில் 1954-லும் 1955-லும் தொடங்கிய இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ளன. உரத் தொழிற்சாலையும் அருகில் உள்ளது. ஆலைப் புகையில் கலந்த கந்தக டையாக்ஸைடு ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகிறது. கிழக்கே கழிமுகச் சேற்று நிலமும் உண்டு. தூசி வடிகட்டிகள் வாயுக்களைத் தடுக்க மாட்டா என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். உலோகத்தின்மேல் காற்று விரைந்து பாயப் பாய அரிக்கும் வாயுவும் மிகுதியாக வந்து சேரும். ஆதலால் இத்தகைய இடத்தில் தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு விசிறியும் ஒரு கேடே. ஐரோப்பிய நாடுகள் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தை விலக்கிய பின்னர், உலகெங்கும் ஈயமற்ற பூச்சுகள் பரவின. அவற்றுள் வெள்ளிப் பூச்சு, கந்தக வாயுக்களின் அரிப்புக்கு மிக எளிதில் இலக்காவதாகும்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

முதலாவதாக, அளவு. முழு ஏ.டி.எக்ஸ். மதர்போர்டு 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது, மைக்ரோ ஏ.டி.எக்ஸ். இரு பக்கமும் 244 மில்லிமீட்டர். பள்ளி உபயோகத்திற்குப் பின்னதே போதும். பெட்டி மிகச் சிறியதானால் கம்பிகள் காற்றின் வழியை அடைக்கும். துப்புரவு செய்யக் கையும் நுழையாது.

இரண்டாவதாக, முகப்பு. முகப்பு முழுவதும் கண்ணாடியாக இருக்கும் பெட்டிகளில் காற்று ஓரத்து இடுக்குகளின் வழியே மட்டும் புக வேண்டியிருக்கும். முகப்பு வலையாக அமைந்து, அதன் பின்னே கழற்றிக் கழுவத்தக்க வடிகட்டி இருப்பதே சிறந்தது. வடிகட்டியைத் திருப்புளி இன்றிக் கையாலேயே கழற்ற முடியவேண்டும். கழற்றுவது கடினமானால் அது கழுவப்படாமலே போகும்.

மூன்றாவதாக, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி அமையும் இடம். அது கீழே அமைந்து, தன் காற்றைத் தனி வடிகட்டி வழியே அடியிலிருந்து இழுப்பது நல்லது. அவ்வாறாயின் பெட்டியின் கால்கள் ஓரங்குல உயரமேனும் இருத்தல் வேண்டும்.

நான்காவதாக, இடுக்குகள். பின்புறத்தில் உபயோகிக்கப்படாத கார்டு வாயில்களுக்குத் தகட்டு மூடிகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். சில மலிவான பெட்டிகளில் ஒருமுறை உடைத்தெடுத்தால் மீண்டும் பொருத்த முடியாத மூடிகளே உள்ளன. திறந்த வாயில் வழியே தூசி மட்டுமன்றிக் கரப்பானும் பல்லியும் புகும்.

விசிறியைத் தேர்ந்தெடுத்தலும் பொருத்தலும்

பெரிய விசிறி மெதுவாகச் சுழல்வதே, சிறிய விசிறி விரைந்து சுழல்வதைவிட மேலானது. ஒரே அமைப்புள்ள விசிறிகளில், தள்ளும் காற்று விட்டத்தின் மும்மடிக்கும் வேகத்துக்கும் ஏற்ப அமையும். எனவே 80 மில்லிமீட்டர் விசிறி செய்யும் வேலையை 120 மில்லிமீட்டர் விசிறி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த வேகத்தில் செய்துவிடும். வேகம் பாதியானால் காற்று பாதியாகும். அழுத்தம் கால் பங்காகும். செலவாகும் மின்திறன் எட்டில் ஒரு பங்காகும். ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். நாற்பது மாணவர் அமர்ந்த அறையில் இவ்வமைதி சிறு நன்மையன்று.

வடிகட்டியின் பின்னே வைக்கும் விசிறிக்கு அழுத்தத் திறன் மிகுந்திருக்க வேண்டும். அகன்ற, நெருக்கமான இதழ்கள் அதன் அடையாளம். வெப்பநிலைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ள நான்கு முனைச் செருகி உள்ள விசிறி ஏற்றது. மலிவான விசிறிகளில் உள்ள எளிய உறைத் தாங்கிகள், வெப்பமும் தூசியும் மிகுந்த இடத்தில் விரைவில் தேய்ந்து கரகரக்கும். குண்டுத் தாங்கியோ எண்ணெய்த் தாங்கியோ உள்ளவை நெடுநாள் உழைக்கும்.

பொருத்தும் திசையே எல்லாவற்றினும் முக்கியமானது. குறைந்த விலைப் பெட்டிகள் பலவற்றில் பின்புறத்தில் ஒரே ஒரு விசிறி பொருத்தப்பட்டு, காற்றை வெளியே தள்ளுகிறது. அதனால் உள்ளே அழுத்தம் குறைந்து, ஒவ்வோர் இடுக்கிலிருந்தும் வடிகட்டாத காற்று உறிஞ்சப்படுகிறது. 100 வாட் கணிப்பொறியானால், அதே விசிறியைக் கழற்றி முகப்பில் வடிகட்டியின் பின்னே, காற்று உள்நோக்கி வீசுமாறு பொருத்தினால் போதும். காற்று தெரிந்த ஒரு வாயில் வழியே வடிகட்டப்பட்டு நுழைந்து, இடுக்குகள் அனைத்தின் வழியாகவும் வெளியேறும். தூசி புகவேண்டிய வழியே காற்று வெளியேறும் வழியாகிவிடுவதால், உட்புறம் நெடுநாள் தூய்மையாக இருக்கும். இம்மாற்றத்திற்குச் செலவாவது நான்கு திருகுகளைக் கழற்றிப் பூட்டும் நேரமே. பெரிய கணிப்பொறிகளில் முகப்பில் இரண்டு, பின்புறத்தில் ஒன்று என்னும் முறை ஏற்றது.

வகுப்பறையில் செய்யத்தக்க சோதனைகள்

காற்றின் திசையை அறிய ஊதுவத்தி ஒன்றே போதும். கணிப்பொறி ஓடும்போது, கொளுத்திய ஊதுவத்தியைப் பின்புற இடுக்குகளின் அருகே சற்று நேரம் பிடிக்க வேண்டும். புகை உள்ளே இழுக்கப்பட்டால் பெட்டியின் அழுத்தம் குறைவு. வெளியே விலக்கப்பட்டால் சரியான அமைப்பு.

இரண்டாவது சோதனையில் பெட்டியின் உட்காற்றையும் அறைக் காற்றையும் வெப்பமானியால் அளக்க வேண்டும். வேறுபாடு 10 டிகிரிக்குள் இருந்தால் மேலும் விசிறி வேண்டியதில்லை. மேற்கூறிய விதியைக் கொண்டு, எவ்வளவு காற்று செல்கிறது என்பதையும் மாணவர் கணக்கிடலாம்.

மூன்றாவது சோதனை அரிப்பைப் பற்றியது. தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புத் தகடு ஒன்றையும் வெள்ளித் துண்டு ஒன்றையும் கணிப்பொறியின் அருகே 30 நாட்கள் தொங்கவிட வேண்டும். தொழிற்கூடங்களில் இதே முறையில் தகடுகளை வைத்து, படிந்த படலத்தின் கனத்தை அளக்கின்றனர். செம்பின்மேல் மாதத்திற்கு 300 ஆங்ஸ்ட்ரமுக்குக் குறைவாகவும் வெள்ளியின்மேல் 200 ஆங்ஸ்ட்ரமுக்குக் குறைவாகவும் படிந்தால் அது தீங்கற்ற காற்றாகும். பள்ளியில் கனத்தை அளக்க இயலாவிடினும், வெள்ளி கறுத்ததா என்பதைக் கண்ணால் காணலாம். கறுத்திருந்தால் கணிப்பொறியைக் கழிவுநீர்க் கால்வாயை நோக்கிய ஜன்னலிலிருந்து அகற்றி, அறையின் வேறு பக்கத்தில் வைக்க வேண்டும்.

பேணும் முறை

வடிகட்டியை மாதம் ஒருமுறையும், தையற்கூடமோ கட்டட வேலையோ அருகில் இருப்பின் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையும் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும். ஈர வடிகட்டியை மாட்டுதல் கூடாது. உட்புறத்தை ஆண்டுக்கு இருமுறை துப்புரவு செய்தல் நலம். அவற்றுள் ஒன்று கட்டாயமாக ஏப்ரல் இறுதியில், விடுமுறைக்கு முன் அமைய வேண்டும். அப்பொழுதே உப்புத் தூசியை அகற்றிவிட்டால், ஜூன் மாதத்து ஈரத்திற்குப் பற்றிக்கொள்ள எதுவும் இராது. மின்கம்பியைக் கழற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டபின், மெல்லிய தூரிகையால் தூசியைத் தள்ள வேண்டும். காற்றூதி உபயோகித்தால் விசிறி இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அவை மிகைவேகத்தில் சுழன்று தாங்கி பழுதாகும். விடுமுறையில் பெட்டியைத் துணியால் மூடலாம். வாரம் ஒருமுறை துணியை நீக்கி ஒரு மணி நேரம் இயக்க ஏற்பாடு செய்தல் மிகவும் நல்லது.

பெட்டியைத் தரையில் வைத்தல் கூடாது. தரையில்தான் தூசி மிகுதி; தாழ்ந்த பகுதிகளில் வெள்ளமும் வரும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மேசை உயரத்தில், சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்தால் இரு தொல்லைகளும் தீரும்.

டிஃப்ராக்கின் எஃகுச் சட்டத்திற்கு இரு பக்கமும் கதவுகள் இருந்தன. இன்றைய பெட்டிக்கும் ஒரு பக்கத் தகடு இரண்டு திருகுகளில் நிற்கிறது. ஆண்டுக்கு இருமுறை அத்திருகுகளைக் கழற்றும் பள்ளியில், வடிகட்டியுடன் கூடிய ஒரு விசிறியே கணிப்பொறியைப் பல பருவமழைகளுக்கு அப்பாலும் காக்கும்.